நெஞ்சின் குறிப்பறிதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



'நெஞ்சு' என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அகப்பாடல்களில் தலைவி தன் நெஞ்சை விளித்துப் பேசும் திறத்தை நான் எடுத்துரைப்பேன் என அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. அதுபற்றிப் பேசுதல் எனக்கு எளிது, உங்களுக்கும் இனிது. ஆயினும் இன்று நான் பேசப்போவது விலா எலும்புகளுக்குள்ளே, கைப்பிடி அளவில் ஓயாது துடிக்கும் நெஞ்சைப் பற்றியதாகும். அதில் நோய் உண்டா, இல்லையா என்று அறிய மருத்துவர் செய்யும் சோதனைகளைப் பற்றியும், அச்சோதனைகளுக்கும் நம் போன்ற சொல்லேருழவர்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் சொல்ல விழைகின்றேன்.

இப்பொருளை எடுத்ததற்குக் காரணம் இதோ முன்வரிசையில் ஆளின்றி இருக்கும் மூன்றாவது நாற்காலி. வட்டம் தொடங்கிய நாள்முதல் அதில் அமர்ந்திருந்த தலைமையாசிரியர் ஐயாவை நான் பெயர் சொல்லி நினைவூட்ட வேண்டியதில்லை. மாடியிலுள்ள இவ்வரங்கிற்கு ஏறி வரும்போது படித்திருப்பத்தில் சற்று நின்று, மார்பில் கைவைத்து, பிறகு ஏறுவார். நண்பர்கள் வற்புறுத்தவே கோவை சென்று டிரெட்மில் சோதனை செய்துகொண்டார். முடிவு இயல்பு என்று வந்தது. அடுத்த கூட்டத்திற்குத் தேங்காய்ப் பர்பி வாங்கி வந்து எல்லார்க்கும் கொடுத்து, "பரீட்சையிலே தேறிட்டனுங் அம்மணி" என்றார். ஐந்து திங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் மாரடைப்பால் மறைந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தோட்டத்துக்குப் போகும் வழியில் அவர் அடிக்கடி நின்று நின்று போனதாகப் பின்னர் அவர் துணைவியார் சொன்னார். "என்னங்க பண்ணுது?" என்று கேட்டதற்கு, "சோதனைதான் நல்லாருக்குதே" என்றாராம்.

அவருக்கு நேர்மாறானது என் கதை. சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, கல்லூரியில் இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ அழுந்தியது, மூச்சு வாங்கியது. "வாயுப் பிடிப்புத்தான் கண்ணு, சுக்குத் தண்ணி குடி, செரியாப் போயிரும்" என்றார் என் மாமியார். போகவில்லை. மருத்துவரிடம் சென்றேன். "வலி எப்படி இருக்குதுங்கம்மா?" என்று கேட்டார். அவையோரே, தமிழில் முனைவர் பட்டம் பெற்ற நான் அன்று சொன்ன விடை, "ஒரு மாதிரியா இருக்குதுங்க டாக்டர்" என்பதுதான். அதற்குமேல் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. டிரெட்மில் சோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முடிவு 'பாசிடிவ்' என்று வந்தது. பத்து நாள் நான் உறங்கவில்லை. பிறகு சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்ததில் இரத்தக் குழாய்களில் ஒரு குறையும் இல்லை.

நோயுள்ளவரை இல்லை என்றும், இல்லாதவரை உண்டு என்றும் ஒரே சோதனை சொல்லியிருக்கிறது. அப்படியாயின் அச்சோதனை பொய்யா? படம்தான் மெய்யா? இவ்வினாவே என்னை மருத்துவ நூல்களின் பக்கம் இட்டுச் சென்றது. மருத்துவம் பயின்றவள் அல்லேன். ஒரு பனுவலை ஆராய்வதுபோல் கற்று, மருத்துவ நண்பர்களிடம் தெளிவு பெற்றே இவற்றைச் சொல்கின்றேன்.

நம் ஊரார்க்கு விளங்கும் உவமை ஒன்றைக் கையாளலாம். பரம்பிக்குளம் - ஆழியாறு பாசன வாய்க்காலை அறியாதவர் இங்கு இலர். பயிருக்கு நீர் அதிகம் தேவைப்படாத காலத்தில், வாய்க்காலில் ஓரளவு மண் சரிந்திருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. கோடையில் எல்லா மடையும் திறந்து எல்லாப் பயிரும் நீர் கேட்கும்போதுதான் கடைமடைக்காரர் காய்ந்த நிலத்தைக் காட்டி முறையிடுகிறார். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களும் அத்தகையன. ஓய்வில் இருக்கும்போது, குழாய் பாதியளவு சுருங்கியிருந்தாலும் தசைக்கு வேண்டிய இரத்தம் கிடைத்துவிடும். நடக்கும்போதும் ஏறும்போதும் தேவை பல மடங்கு பெருகும். சுருக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டியிருந்தால் அப்போது பற்றாக்குறை தலைகாட்டும். ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. இயல்பாக இருப்பதால் மட்டும் இதயத்தில் நோயில்லை என்று கொள்ளலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

டிரெட்மில் சோதனை கோடையில் கடைமடையைப் போய்ப் பார்ப்பதை ஒத்தது. இன்று பெரும்பாலும் கையாளப்படும் முறையை வகுத்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர் ராபர்ட் புரூஸ். அதை அவர் 1963ஆம் ஆண்டு வெளியிட்டார். மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், நூற்றுக்குப் பத்து என்னும் ஏற்றத்தில் நடை தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220 என்னும் எண்ணிலிருந்து வயதைக் கழித்தால் வருவதில் 85 விழுக்காட்டளவு நாடித்துடிப்பை எட்டுவது இலக்கு. 45 வயதினர்க்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 149 துடிப்பாகும். அந்நேரத்தில் இ.சி.ஜி. கோட்டின் ஒரு பகுதி ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தாழ்ந்தால், தசைக்கு இரத்தம் போதவில்லை என்று ஐயுறுவர். பழநி மலைப் படியும் மருதமலைப் படியும் நம் முன்னோர்க்கு இதையேதான் செய்தன. கோடு வரைந்து காட்டவில்லை, அவ்வளவே.

இச்சோதனையின் திறம் எவ்வளவு? அதுவரை வெளிவந்த 147 ஆய்வுகளைத் தொகுத்து, 24,074 பேரின் முடிவுகளை ஆஞ்சியோகிராம் படங்களோடு ஒப்பிட்ட கட்டுரை 1989ஆம் ஆண்டு வந்தது. அதன்படி, நோயுள்ள நூறு பேரில் சராசரியாக 68 பேரை இச்சோதனை கண்டுகொள்ளும். 32 பேரைத் தவறவிடும். நோயில்லாத நூறு பேரில் 77 பேரைச் சரியாக விடுவிக்கும். 23 பேரை வீணே அச்சுறுத்தும்.

இவ்வெண்களை அப்படியே விட்டுவிடாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேரைச் சோதிப்பதாகக் கொள்வோம். அவர்களுள் 50 பேருக்கே நோய் உண்டு. சோதனை அவர்களில் 34 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 950 பேரிலோ ஏறத்தாழ 218 பேரை நோயாளி என்று காட்டும். ஆகவே 'பாசிடிவ்' தாள் பெற்ற ஏழு பேரில் ஒருவருக்கே உண்மையில் நோய் இருக்கும். அதே ஆயிரம் பேரில் 500 பேர் நோயாளிகளாயின், தாள் பெற்ற நால்வரில் மூவர்க்கு நோய் மெய்யாக இருக்கும். சோதனை மாறவில்லை; சோதிக்கப்பட்டவர் யாவர் என்பதே மாறியது. வயது, பால், சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக அவர் சொல்லும் வலியின் தன்மை ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே அத்தாளுக்குப் பொருள் பிறக்கின்றது. சொல்லின் பொருளை இடம் தீர்மானிக்கும் என்று நாம் வகுப்பில் சொல்வது போன்றதே இது.

இனிப் படத்தைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் மருத்துவர் ஒரு நோயாளியின் இதய வால்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். சாயம் எதிர்பாராமல் இதயத் தசையின் குழாய்க்குள்ளேயே புகுந்துவிட்டது. இதயம் நின்றுவிடும் என்று அஞ்சினார். நோயாளி பிழைத்தார், குழாயின் உருவம் திரையில் தெளிவாக விழுந்தது. ஆஞ்சியோகிராம் பிறந்த வரலாறு அதுவாகும். இன்று குழாயை உள்ளே செலுத்தாமலே, கை நரம்பில் சாயம் ஏற்றி, சி.டி. கருவியால் அவ்வுருவத்தைக் காண முடிகின்றது. சுருக்கம் இல்லை என்று உறுதி செய்வதில் அதற்கு ஈடான எளிய சோதனை வேறில்லை எனலாம். சுருக்கத்தோடு, குழாய்ச் சுவரில் கொழுப்பு படியத் தொடங்கியிருப்பதையும் அது காட்டும். இது வாய்க்கால் கரையோடு நடந்து சென்று, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று பார்ப்பதை ஒத்தது.

ஆனால் கரையோடு நடப்பவர் கடைமடைக்கு நீர் எட்டியதா என்று சொல்ல இயலாது. சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்திருந்தால் சி.டி. படம் சுருக்கத்தை மிகைப்படுத்தும். கதிர்வீச்சு உண்டு. சிறுநீரகம் பழுதுற்றவர்க்குச் சாயத்தால் தீங்கு நேரலாம். பணமும் மிகுதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டனவாக, இதயத்தை உழைக்கச் செய்து எக்கோ கருவியால் தசையின் அசைவைக் காணும் முறையும், கதிரியக்கப் பொருளைச் செலுத்தித் தசையில் இரத்தம் பரவுவதைக் காணும் முறையும் உண்டு. பின்னதை மக்கள் தாலியம் ஸ்கேன் என்பர். ஓடவோ நடக்கவோ இயலாதவர்க்கு மருந்து கொடுத்தே இச்சோதனைகளைச் செய்யலாம்.

எது சிறந்தது? இதைத் தீர்க்க இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரில் ஒரு பாதியினர்க்கு வழக்கமான சோதனைகளும், மறுபாதியினர்க்கு அவற்றோடு சி.டி. ஆஞ்சியோகிராமும் செய்தனர். ஐந்தாண்டு முடிவு 2018இல் வெளியாயிற்று. இதயநோயால் இறந்தவரும் மாரடைப்பு கண்டவரும் வழக்கமான குழுவில் நூற்றுக்கு 3.9, படம் எடுத்த குழுவில் 2.3. வட அமெரிக்காவில் 10,003 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்விலோ, படம் எடுத்தவர்க்கும் உழைப்புச் சோதனை செய்தவர்க்கும் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலத்தில் வேறுபாடு இல்லை. முன்னதில் கிடைத்த நன்மைக்கு ஆய்வாளர் கூறும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. படத்தில் கொழுப்புப் படிவு தெரிந்ததும் அதற்குரிய மருந்தைப் பலர்க்குத் தொடங்கினர்; அம்மருந்தே உயிர் காத்தது. காப்பது படமன்று, படத்தைப் பார்த்தபின் நாம் செய்வது.

இங்கே நம் மொழியின் ஒரு சொல்லைப் பற்றிக் கூறியாக வேண்டும். 'மாரடைப்பு' என்பது அச்சொல். மார் அடைபடுதல். அழகிய சொல்லே, எனினும் அது நம் சிந்தனையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. பொள்ளாச்சிச் சந்தையில் இருவர் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். "மூணு அடைப்பாமா, ஒண்ணு எண்பது பர்சன்ட்டாமா" என்பர். அடைப்பைக் கண்டால் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் அச்சமில்லை என்று நினைக்கின்றோம். உண்மை அவ்வாறன்று. பல மாரடைப்புகள், குழாயை அதிகம் சுருக்காத மெல்லிய படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் நேர்கின்றன. நம் தலைமையாசிரியர் ஐயாவுக்கும் இவ்வாறே நேர்ந்திருக்கலாம் என்பது மருத்துவ நண்பர் கருத்து. சோதனை நடந்த அன்று 'இன்று இரத்தம் போதுகின்றதா?' என்னும் வினாவுக்கு அது விடை சொன்னது. 'நாளை படிவு வெடிக்குமா?' என்று அதனிடம் யாரும் கேட்கவும் இயலாது. அது சொல்லவும் இயலாது.

இந்தியா உள்ளிட்ட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வும் இதையே வலியுறுத்துகின்றது. நிலையான இதயநோய் உடையவர்க்கு, மருந்தோடு நிற்பதைக் காட்டிலும் உடனே ஸ்டென்ட் வைத்தோ அறுவை செய்தோ அடைப்பை நீக்குவதால் இறப்போ மாரடைப்போ குறையவில்லை. வலி மிகுந்தவர்க்கு வலி குறைந்தது. இம்முடிவு மாரடைப்பு வந்துவிட்டவர்க்கும், முதன்மை இடக்குழாயில் கடும் சுருக்கம் உடையவர்க்கும் பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

இனி என் கதையின் முடிவைச் சொல்ல வேண்டும். படத்தில் குறையில்லை, ஆனால் மாடி ஏறும்போது நெஞ்சு அழுந்துவது நிற்கவில்லை. வேறொரு மருத்துவர், வயது முதிர்ந்தவர், தாள்களை ஓரமாக வைத்துவிட்டு அரைமணி நேரம் கேள்வி கேட்டார். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, விரலால் காட்ட முடிகிறதா, உள்ளங்கையை வைக்க வேண்டியிருக்கிறதா, மாதவிலக்கு எத்தனை நாள் என்றெல்லாம் கேட்டார். பிறகு எளிய இரத்தச் சோதனை ஒன்று எழுதினார். ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. இரத்தச் சோகையும் உழைப்பின்போது இ.சி.ஜி. கோட்டை மாற்றக்கூடும். வாய்க்காலில் பழுதில்லை, ஓடிய நீரில்தான் சத்தில்லை. டிரெட்மில் சொன்னது முழுப்பொய் அன்று. நாங்கள்தான் அதைப் பிழையாகப் படித்தோம். நான்கு மாத மருந்தில் நலம் பெற்றேன். 'ஒரு மாதிரி' என்னும் என் சொல்லின்மைக்கு நான் கொடுத்த விலை, பத்து இரவு உறக்கமும் ஒரு மாதச் சம்பளத்தின் பகுதியும்.

சோதனைக் கருவி ஒன்றும் இல்லாத காலத்திலேயே இந்நோயைக் கண்டவர் உண்டு. 1768ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் கழகத்தில் வில்லியம் ஹெபர்டன் ஓர் உரை நிகழ்த்தினார். நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போதும் உணவுக்குப் பின்னும், மார்பை நெரிப்பதுபோல் வந்து, நின்றதும் நீங்கும் வலியை அவர் விவரித்தார். மார்பு நெரிப்பு என்னும் பொருள்பட அவர் இட்ட இலத்தீன் பெயரே இன்றும் வழங்குகின்றது. காரணம் இதயக் குழாய் என்பதை அவர் அறியார். நோயாளிகள் சொன்ன சொற்களைச் செவிமடுத்தார், பதிவு செய்தார், அவ்வளவே. அவர் கண்டவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள் என்பதும் கருதத்தக்கது. பெண்களுக்கு நெஞ்சு நெரிப்போடு, சில வேளை அதற்கு மாறாக, மூச்சுத் திணறல், தாடையிலும் முதுகிலும் வலி, காரணமில்லாச் சோர்வு, குமட்டல் எனவும் இந்நோய் வெளிப்படும். டிரெட்மில் சோதனையின் துல்லியமும் பெண்களிடம் குறைவு. அடுப்படியில் நிற்கும் நம் பெண்கள் இவற்றை வாயு என்று சொல்லிச் சுக்குத் தண்ணீரோடு முடித்துவிடுகிறார்கள்.

வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். 71ஆவது பொருட்பாலில், 110ஆவது காமத்துப்பாலில். அமைச்சன் அரசன் முகத்தைப் படிப்பதும் தலைவன் தலைவி கண்ணைப் படிப்பதும் ஒரே பெயருடைய இரு கலைகள். டிரெட்மில்லும் படமும் அத்தகைய இரண்டு குறிப்பறிதல்களே. நம் சித்த மருத்துவரும் நாடி ஒன்றையே நம்பினாரல்லர்; நா, நிறம், மொழி, விழி, தொடு உணர்வு முதலாக எண்வகைத் தேர்வு வகுத்தனர். அவ்வெட்டனுள் மொழியும் ஒன்றாக இருத்தல் நமக்குப் பெருமை தருவது.

இவையெல்லாம் நம்மைத் தொடாத செய்திகள் அல்ல. சென்னையில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், வயதுவந்தோர் நூற்றுக்குப் பதினொருவர்க்கு இதயக்குழாய் நோய் இருந்தது. மாரடைப்பு வந்தவரை விரைந்து பெரிய மருத்துவமனையோடு இணைக்கும் ஏற்பாட்டைக் கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் முதலானோர் முன்னின்று 2012 முதல் 2014 வரை தமிழகத்தில் சோதித்தனர். 35 சிறிய மருத்துவமனைகளை நான்கு பெரிய மையங்களோடு இணைத்ததில், ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவி மாத்திரைகள் தரப்படுகின்றன. ஆகவே ஒன்றை மறவாதீர்கள். ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு அழுந்தி, வியர்த்து, சில நிமிடங்களில் நீங்காவிட்டால் அது டிரெட்மில்லுக்கோ படத்துக்கோ நாள் குறிக்கும் நேரமன்று. உடனே 108ஐ அழையுங்கள்; அருகிலுள்ள மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுங்கள்.

நிறைவாக, இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கொங்குத் தமிழில் நெஞ்சின் துன்பத்தைச் சொல்ல எத்தனை சொற்கள்! பிசையுது, அடைக்குது, பாரமா இருக்குது, இறுக்கிப் பிடிக்குது, கரிக்குது, எரியுது, சுருக்குங்குது, படபடங்குது. ஒவ்வொன்றும் மருத்துவர்க்கு ஒவ்வொரு பொருள் தரும். ஒரு நொடி சுருக்கென்று குத்திப் போவது பெரும்பாலும் இதய வலியன்று. நடந்தால் வந்து, நின்றால் சில நிமிடங்களில் நீங்கும் பாரம் ஐயத்துக்குரியது. இச்சொற்களை ஊர் ஊராகத் தொகுத்து, ஒரு சிறு கையேடாக நம் வட்டம் வெளியிட வேண்டும். கிராமத்துப் பாட்டி சொல்வதை நகரத்து மருத்துவர் விளங்கிக்கொள்ள அது உதவும். பாட்டிக்கும் தன் வலியைச் சொல்லத் துணிவு பிறக்கும்.

தலைமையாசிரியர் ஐயா ஒரு வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு இரண்டு நாள் காத்திருப்பார். பொருந்தாத சொல்லை அவர் ஏற்றதே இல்லை. அத்தகையவர், படித்திருப்பத்தில் தம்மை நிறுத்திய அந்த வலிக்கு மட்டும் ஒரு சொல் தேடவில்லை. தாள் சொன்ன 'இயல்பு' என்னும் சொல்லையே ஏற்றுக்கொண்டார். நாமும் அவரைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் அப்படியில் நின்றதை நாம் அனைவரும் பார்த்தோம். இன்று வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்துப் பெரியவரை, குறிப்பாகப் பெண்களை, ஏறும்போது நெஞ்சுக்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள். 'ஒரு மாதிரி' என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.